கலக்குவதும் தூண்டுவதும் ஒன்றா?

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்பு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ‘ஸ்டிர் அப் சண்டே’ என்று பெயர். திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு அது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஜெப நூலில் அன்றைக்கென்று இருக்கும் ஜெபம், விசுவாசிகளின் மனதை எழுப்பிவிடும்படி கடவுளிடம் வேண்டுகிறது. அதன் முதல் இரண்டு சொற்களே நாளுக்குப் பெயராகிவிட்டன. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கான கலவை தயாராக இருக்கும். உலர்திராட்சை, மாவு, மசாலா எல்லாம் சேர்ந்த அந்தக் கெட்டிக் கலவையை வீட்டில் உள்ள பெரியவர், சிறியவர் எல்லாருமே கரண்டி பிடித்து ஒரு சுற்றுக் கிண்டுவார்கள்.

கோயிலிலும் அடுப்படியிலும் நல்ல பெயரோடு இருக்கும் இந்த ‘ஸ்டிர் அப்’ செய்தித்தாளுக்குள் வந்ததும் குணம் மாறிவிடுகிறது. வெறுப்பைக் கிளறிவிட்டார், சர்ச்சையைக் கிளப்பினார், பழைய பகையை உசுப்பினார் என்றெல்லாம் சொல்ல ஆங்கிலத்தில் இதுதான் கைக்கு வரும் சொல். டீயில் சர்க்கரை கரைய வெறும் ‘ஸ்டிர்’ போதும். அடியில் படிந்த வண்டல் மேலே வரும்படி கலக்கினால் அது ‘ஸ்டிர் அப்’. கூட ஒட்டிய ‘அப்’, அடங்கிக் கிடந்ததை மேலே கொண்டுவருகிறது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள்களில் ஒருபொருள் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் உண்டு. அதற்காக ‘ஸ்டிர் அப்’புக்கு அஜிடேட், இன்சைட், ப்ரவோக், இன்ஸ்டிகேட், ஃபொமென்ட் என்று பிள்ளைகள் வரிசையாக உருப்போடுகிறார்கள். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் இந்தச் சொற்களை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக வாக்கியத்தில் போட்டால் பல நேரம் பொருளே திரும்பிவிடும். ஒவ்வொன்றும் வேறு வேறு வேலையிலிருந்து வந்தது.

‘ஸ்டிமுலேட்’டுக்குப் பின்னால் இருக்கும் லத்தீன் சொல் மாட்டை ஓட்டும் தார்க்குச்சியைக் குறிப்பது. ‘ரவுஸ்’ வேட்டைக்காரர்களின் சொல். புதரில் பதுங்கிய விலங்கைக் கிளப்புவது. ‘ரைல்’ என்றால் இன்று ஒருவரை எரிச்சல்படுத்துவது. அதன் மூலமோ தெளிந்த தண்ணீரைக் கலக்கிச் சேறாக்குவது. ‘எக் ஆன்’ என்பதில் வரும் ‘எக்’குக்கும் முட்டைக்கும் சம்பந்தமே இல்லை. கத்தியின் கூர்முனையைக் குறிக்கும் ‘எட்ஜ்’ அதன் உறவு. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. எல்லாவற்றிலும் வியப்பானது ‘ஃபொமென்ட்’. கலகத்தை மூட்டுவது என்று இன்று பொருள்படும் இந்தச் சொல், தொடக்கத்தில் வலிக்கும் இடத்தில் ஒத்தடம் கொடுப்பதைக் குறித்தது. ஒத்தடத்துக்கு டாக்டர்கள் சொல்லும் ‘ஃபொமென்டேஷன்’ அந்தப் பழைய பொருளை இன்னும் வைத்திருக்கிறது. எனவே ஒரே ஒரு மேடைப் பேச்சால் வெடித்த கலவரத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. மெல்ல மெல்லச் சூடேற்றி வளர்த்த கலகத்துக்கே பொருந்தும்.

‘அஜிடேட்’ மூன்று முகம் கொண்டது. இயந்திரத்தில் திரவத்தைக் குலுக்குவதும் அதுதான், மனம் நிலைகொள்ளாமல் தவிப்பதும் அதுதான். மூன்றாவதாக அரசியல் பொருளும் உண்டு. 1937-இலும் 1965-இலும் தமிழகத்தில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டங்களை ஆங்கில ஏடுகள் ‘அஜிடேஷன்’ என்றே எழுதின. அங்கே அந்தச் சொல்லில் பழி கிடையாது. அதையே ‘இன்சைட்மென்ட்’ என்று எழுதியிருந்தால் போராடியவர்கள் குற்றவாளிகள் ஆகியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கிப் புகழ்பெற்றவர் பீட்டர் மார்க் ரோஜே என்ற லண்டன் மருத்துவர். 1805-இல் தன் சொந்தப் பயனுக்காகத் தொடங்கிய பட்டியலை விரிவாக்கி, 1852-இல் தன் 73-ஆம் வயதில் ‘தெசாரஸ்’ நூலாக வெளியிட்டார். அதில் பொருள்கள் ஆறு பெரும் பிரிவுகளாக நின்றன. உடல் குலுங்கும் ‘அஜிடேஷன்’ இடம், இயக்கம் பற்றிய பிரிவில் இருக்கிறது. மனம் கிளர்வதோ உணர்ச்சிகள் பிரிவில். சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றாகிவிடுவதில்லை என்பதற்கு அவருடைய அடுக்குமுறையே சாட்சி.

அன்றாட வழக்கைப் பார்த்தாலும் இது தெரியும். நினைவுகளை ‘ஸ்டிர் அப்’ செய்யலாம். ‘இன்சைட்’ செய்ய முடியாது. சிந்தனையை ‘ப்ரவோக்’ செய்யும் கட்டுரை என்றால் பாராட்டு. நாயை ‘ப்ரவோக்’ செய்தால் கடி. ‘ப்ரவோக்’ தெரியாமலும் நடக்கலாம். ‘இன்சைட்’ என்று எழுதிவிட்டால், தெரிந்தே தூண்டினார் என்று குற்றம் சாட்டியதாக ஆகிவிடும். நிருபர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

நீதிமன்றத்தில் இந்த வேறுபாடு ஆளின் தலைவிதி. ‘அபெட்’ என்ற சட்டச் சொல்லின் பிரெஞ்சு வேர், நாயை ஏவிக் கடிக்கவிடுவதைக் குறிப்பது. 1908-இல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இராஜதுரோகத்துக்காக ஓர் ஆயுள் தண்டனையும், சுப்பிரமணிய சிவாவை ‘அபெட்’ செய்ததற்காக, அதாவது அவருக்கு உடந்தையாக இருந்ததற்காக, இன்னோர் ஆயுள் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், செக்கிழுத்த அந்தச் சிறைவாசத்தின் பின்னணியில் இந்த ஒற்றைச் சொல்லும் நிற்கிறது.

2001-இல் சத்தீஸ்கர் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தம்பதிக்குள் சண்டை. உன் இஷ்டப்படி செய், எங்கே வேண்டுமானாலும் போ என்று கணவன் சொல்ல, மனைவி உயிரை மாய்த்துக்கொண்டார். இது தற்கொலைக்குத் தூண்டுதலா? ‘இன்ஸ்டிகேட்’ என்றால் என்ன என்று நீதிபதிகள் ஒருபொருள் சொற்களைக் கொண்டே விளக்கினார்கள்: தார்க்குச்சியால் குத்துவதுபோல உந்துவது, முன்னே தள்ளுவது, ‘ப்ரவோக்’ செய்வது, ‘இன்சைட்’ செய்வது, ஊக்கப்படுத்துவது. விளைவை எண்ணாமல் கோபத்தில் கொட்டிய வார்த்தை இதற்குள் வராது என்று தீர்ப்பளித்தார்கள். தூண்டிய குற்றத்திலிருந்து கணவன் விடுதலையானார். மனைவியைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்கான தண்டனை மட்டும் நிலைத்தது.

2015-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோதும், விவாதிப்பது, வாதாடி ஆதரிப்பது, ‘இன்சைட்’ செய்வது ஆகிய மூன்றையும் உச்ச நீதிமன்றம் தனித்தனியாகப் பிரித்தது. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் பேச்சுரிமைக்குள் அடங்கும். மூன்றாவதை எட்டினால்தான் சட்டம் குறுக்கிட முடியும்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருபொருள் சொற்களைப் பலகையில் எழுதும்போது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு முழு வாக்கியத்தையும் எழுதிப் போடுங்கள். யார், எதை, என்ன நோக்கத்தோடு கிளப்புகிறார்கள் என்பது அந்த வாக்கியத்தில்தான் பிள்ளைகளுக்குப் புரியும்.