அடிவாரத்துச் சிறுத்தை

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் பொதுவாகச் சிறுத்தை நடமாட்டம் கிடையாது. ஆனால் மேற்கே சங்கரன்கோவிலைத் தாண்டிப் போனால் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் வந்துவிடும். கரிசலில் மேய்ச்சல் தீர்ந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களைத் தேடி மேற்கே போகும் ஆட்டுக்காரர்கள் உண்டு. பகலில் மேய்ச்சல், இரவில் வயலில் கிடை. நரிக்கும் நாய்க்கும் காவல் இருந்து பழகியவர்கள், அடிவாரத்தில் சிறுத்தையின் எல்லைக்குள் ஆடுகளைப் படுக்க வைக்கிறார்கள். அதன் குணம் தெரிந்தால் பாதி ஆபத்து விலகிவிடும்.

கரிசல் போன்ற சமவெளிக்கும் ஒரு காலத்தில் ஒரு பெரும்பூனை இருந்தது. அது சிவிங்கிப்புலி. இந்தியாவில் அது வாழ்ந்த பரப்பின் தென்கோடி பழைய திருநெல்வேலி மாவட்டம். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை கோவில்பட்டியும் அதில்தான் இருந்தது. வெட்டவெளியில் வெளிமானைத் துரத்திப் பிடிக்கும் விலங்கு அது. வெளிமான் இன்றும் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் மேய்கிறது. சிவிங்கிப்புலி இந்திய மண்ணிலிருந்தே அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. புல்வெளிகள் உழவுக்குப் போயின. வேட்டையும், வேட்டைக்குப் பழக்குவதற்காகப் பிடித்துச் சென்றதும் மிச்சத்தை முடித்தன. சிறுத்தை தப்பியதற்கு முக்கியக் காரணம், அதற்கு ஒளிந்து வாழத் தெரியும்.

அதன் உடம்பே அதற்காக அமைந்ததுதான். வளர்ந்த ஆண் 50 முதல் 75 கிலோ வரை இருக்கும். பெண் பெரும்பாலும் 30 கிலோவை ஒட்டி. மஞ்சள் தோலில் பூப்பூவாய்க் கிடக்கும் கரும்புள்ளிகள் இலை நிழலில் உருவத்தைக் கரைத்துவிடும். கண்ணின் பின்புறமுள்ள ஒளிதிருப்பும் படலம், மங்கலான வெளிச்சத்தையும் இரண்டாம் முறை விழித்திரைக்கு அனுப்புகிறது. நெடுந்தூரம் துரத்துவது அதன் வழக்கமல்ல. பதுங்கிப் பதுங்கிச் சில மீட்டர் தூரம்வரை நெருங்கி, ஒரே பாய்ச்சலில் குரல்வளையைக் கவ்வும். பிடித்ததை மரத்தில் ஏற்றி வைக்கவும் தெரியும். புலிக்குக் காடும் பெரிய இரையும் வேண்டும். சிறுத்தை மிளாக்குட்டி, மந்தி, முயல், மயில், தெருநாய் என எதைக்கொண்டும் பிழைத்துக்கொள்ளும். இந்தியாவில் சுமார் 13,874 சிறுத்தைகள் இருப்பதாகவும், அவற்றில் 1,070 தமிழ்நாட்டில் இருப்பதாகவும் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது.

ஊருக்குள் அதை இழுப்பது எது? மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டாரத்தில் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் குழுவினரும் செய்த ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. அது காடல்ல; சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் விவசாயப் பூமி. அங்கே 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 சிறுத்தைகள் இருந்தன. எச்சத்தை ஆராய்ந்ததில், அவை தின்ற இறைச்சியின் எடையில் 87 விழுக்காடு வளர்ப்பு விலங்குகள். நாய் மட்டுமே 39 விழுக்காடு, வெள்ளாடு 11 விழுக்காடு. இத்தனைக்கும் அங்கே நாயைவிட ஆடு பல மடங்கு அதிகம். ஆட்டை இரவில் அடைத்துக் காப்பார்கள். தெருநாயைக் காப்பார் யார்? கோழிக்கடைக் கழிவு கொட்டுகிற இடத்தில் நாய் பெருகும், நாய் பெருகிய இடத்துக்குச் சிறுத்தை வரும்.

இங்கேதான் கூண்டைப் பற்றிப் பேச வேண்டும். 2024 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் பாபநாசம் அருகே வேம்பையாபுரம், அனவன்குடியிருப்புப் பகுதிகளில் ஆடுகளும் நாய்களும் அடிபட்டபின் வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தது. 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்கள் இவை. ஆட்டைப் பறிகொடுத்தவர்களின் கோபம் நியாயமானது. வளர்க்கிற ஆடுதான் பல குடும்பங்களுக்குச் சேமிப்பு. ஆனால் பிடித்து வேறிடத்தில் விடுவது நிலையான தீர்வாகாது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னரில் 2001 முதல் பெரிய அளவில் சிறுத்தைகளைப் பிடித்துக் காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்மீதான தாக்குதல், பிறகு 17 ஆனது. சிறுத்தை தனி எல்லை வகுத்து வாழும் விலங்கு. ஒன்றைத் தூக்கினால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். பெரும்பாலும் தாயைப் பிரிந்து இடம் தேடும் இளசு. விடப்பட்டதோ பழக்கமில்லாத மண்ணில், பிற சிறுத்தைகளின் எல்லையில் அலைக்கழிந்து பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். போகிற வழியில் ஊர்கள்.

ஆகவே காவல் பட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அடைபட்ட இடத்தில் ஆடுகள் ஓட வழியின்றி மிரளும்போது, அந்த அசைவே சிறுத்தையை மீண்டும் மீண்டும் கொல்லத் தூண்டும். ஒன்றைத் தின்ன வந்தது பத்தைக் கொன்றுபோடுவது இதனால்தான். மேலே திறந்த பட்டி அதற்கு ஒரு தடையே அல்ல. நான்கு பக்கமும் கம்பிவலை, மேலேயும் வலை அல்லது கூரை, இறுக்கமான கதவு இருந்தால் போதும். பக்கங்களில் மட்டும் வலை கட்டிய வயல்கிடை சிறுத்தையை நிறுத்தாது. அடிவாரத்தில் கிடை போடுகிறவர்கள் புதரையும் ஓடைக்கரையையும் விட்டுத் தள்ளி, வெளிச்சமும் ஆள் விழிப்பும் உள்ள இடத்தில் போடுவது நல்லது.

மனிதன் அதன் இரையல்ல. நிமிர்ந்து நடக்கிற ஆளைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போகும். இருட்டில் குனிந்து உட்கார்ந்திருப்பவரும் தனியாகப் போகிற சிறுவரும்தான் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள். வீட்டுக்குள் கழிப்பறை, தெருவிளக்கு, பிள்ளைகளுக்குத் துணை ஆகியவை உயிர்காக்கும் ஏற்பாடுகள். எதிர்ப்பட்டால் முதுகு காட்டி ஓடாமல், சத்தமாகப் பேசியபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். பகலில் எங்காவது சிக்கிக்கொண்ட சிறுத்தையைச் சூழ்ந்து படம் எடுப்பதுதான் மிக மோசம். மயக்க ஊசி வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் கூட்டம் நெருக்கினால் தப்பிக்க வழி தேடிப் பாயும்.

ஆடு அடிபட்டால் உடனே இழப்பீடு, பட்டிக்கு வலை போட மானியம், கோழிக்கழிவை அகற்ற ஊராட்சியின் ஏற்பாடு: அடிவாரத்து மக்கள் கூண்டைவிட உரக்கக் கேட்க வேண்டியவை இவை. சமவெளியின் பூனையை நாம் பாதுகாக்கத் தவறினோம். மலையின் பூனை பக்கத்திலேயே வாழ்கிறது. அதையும் ஆட்டையும் ஒருசேரக் காப்பாற்றும் வழி நம் கையில் இருக்கிறது.