கீழே குடும்பம், மேலே குடித்தனக்காரர்

மும்பை குர்லாவில் யாராவது 'சொந்தமா ரூம் வாங்கிட்டேன்' என்று சொன்னால், எத்தனை சதுர அடி என்று நம் ஆட்கள் கேட்பதில்லை. 'மேல போட்மாலா இருக்கா?' என்றுதான் கேட்பார்கள். பத்துக்குப் பத்து அறையின் தலைக்கு மேல் இரும்பு ஆங்கிள் அடித்து, தகரம் போட்டு எழுப்பிய மாடிதான் போட்மாலா. அதற்கு உள்ளே படி கிடையாது. சந்திலிருந்து செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி போகும். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு அதில் ஏறுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். விடியற்காலை தண்ணீர் வரும்போது கீழ்வீட்டுக் குழாயில் டியூபை மாட்டி மேலே டிரம்மை நிரப்பிக்கொள்வார்கள். கரண்டுக்கு ஒரு சப்-மீட்டர். இந்த மேல் ரூமின் வாடகைதான் கீழே இருப்பவரின் சீட்டுப் பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன் எல்லாம்.

குடித்தனக்காரருக்கு இங்கே என்றைக்கும் பஞ்சமில்லை. சென்ட்ரல், ஹார்பர் என்று இரண்டு லைன்களும் சேரும் ஸ்டேஷன் இது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து புறப்பட்டு வந்து நின்றது குர்லாவில்தான். கோவையிலிருந்து தினமும் வரும் எக்ஸ்பிரஸ் இங்குள்ள லோகமான்ய திலக் டெர்மினஸோடு முடிகிறது. முன்பு மில்லுக்கும் பிரீமியர் கார் தொழிற்சாலைக்கும் போனவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அந்தக் கார் தொழிற்சாலை நிலத்தில் இப்போது கோஹினூர் சிட்டி நிற்கிறது. இன்று மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் (பி.கே.சி.) அலுவலகங்களின் செக்யூரிட்டிகளும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களும் டெலிவரிப் பையன்களும் மேல் ரூம் தேடி வருகிறார்கள்.

கீழ் அறைக்கு வாடகை கூடுதலாகக் கிடைக்கும். ஆனாலும் சொந்தக்காரர் கீழேயே இருந்துகொண்டு மேலே குடிவைப்பதற்குக் காரணம், 1995-இல் அமைந்த குடிசை மறுவாழ்வு ஆணையம். எல்லோர் வாயிலும் அது எஸ்.ஆர்.ஏ. குடிசையை இடித்துக் கட்டடம் எழுப்பும்போது, அங்கே உண்மையில் குடியிருப்பவருக்குத்தான் வீடு. அதுவும் தரைத்தளத்துக்கு மட்டும். மாடிக்குக் கணக்கே இல்லை. முழு ரூமையும் வாடகைக்கு விட்டுவிட்டு ஊரில் போய் உட்கார்ந்தால், சர்வே எடுக்க வருகிறவர்கள் குடித்தனக்காரர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த நுணுக்கம் குர்லாவில் பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் தெரியும்.

புதிதாக வாங்க வருகிறவருக்கு அது தெரிந்திருக்காது. மாடியில் 2 அறை, மாதம் இவ்வளவு வாடகை என்று ஏஜென்ட் கணக்குச் சொல்வார். அந்த வாடகையை வைத்து விலையையும் ஏற்றுவார். நோட்டரி பேப்பரில் கை மாறும் ரூம் என்பதால் வங்கி கடன் தராது. நகையும் சீட்டும்தான் முதலீடு. நாளை எஸ்.ஆர்.ஏ. வந்தால் அந்த மாடிக்குச் சல்லிக்காசு பெயராது. 2000 ஜனவரி 1-க்கு முந்தைய குடிசையா, 2011-க்கு முந்தையதா என்பதைப் பொறுத்து வீடு இலவசமா, காசு கட்ட வேண்டுமா என்பதும் மாறும். மாடிக்கும் சேர்த்து விலை கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

பகடி ரூம் இன்னொரு கண்ணி. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியிருப்பார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வாடகைக்காரர்கள்தான். கட்டடச் சொந்தக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஓர் அறையை உள்வாடகைக்கு விட்டால், அதையே காரணமாகக் காட்டி மொத்தத்தையும் காலி செய்ய வழக்குப் போடலாம். எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தில் கிடைத்த வீட்டை விற்கவும் காலத் தடை உண்டு. நெடுங்காலம் அது 10 ஆண்டாக இருந்தது. பின்னாளில் குறைத்தார்கள் என்றாலும், ஒதுக்கீட்டுக் கடிதத்தின் தேதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

சொசைட்டி பிளாட் வாங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 1 கோடி ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். முத்திரைக் கட்டணம் 6 லட்சம், பதிவுக்கு 30,000. பெண் பெயரில் வாங்கினால் முத்திரையில் 1 சதவீதம் குறையும். 75 லட்சம் கடனை எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை 65,000 ரூபாய் வரும். முழு வீட்டையும் வாடகைக்கு விட்டாலும் அதில் பாதியைத் தாண்டுவது கஷ்டம். அதனால்தான் புதுத் தம்பதிகள் ஹாலில் படுத்துக்கொண்டு பெட்ரூமைக் காட் பேசிஸில், அதாவது கட்டில் கணக்கில், 2 பேருக்கு விடுகிறார்கள். வேறு சிலர் மாத வாடகையே வேண்டாம் என்று சில லட்சங்களை 'ஹெவி டெபாசிட்'டாக வாங்கிக் கடனில் கட்டிவிடுவார்கள். குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் அந்தப் பணம் கையில் இருக்காது. அடுத்த ஆள் டெபாசிட்டோடு வந்தால்தான் முந்தையவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியும். தவணை பாரம் குறைந்ததாகத் தோன்றும், அவ்வளவுதான். உண்மையில் அது இன்னொரு கடன்.

சொசைட்டிக்காரர்கள் மிரட்டினால் பயப்பட வேண்டாம். வீட்டை வாடகைக்கு விட்டதற்காக அவர்கள் வாங்கும் கூடுதல் கட்டணம், சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2001-இலேயே அரசாணை இருக்கிறது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது.

வாடகைக்கு விடுமுன் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். 2022 ஜூன் 27 நள்ளிரவில் கிழக்கு குர்லாவின் நாயக் நகரில் 4 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 19 பேர் இறந்தார்கள். ஆபத்தான கட்டடம் என்று மாநகராட்சி பல ஆண்டுகளாகவே நோட்டீஸ் கொடுத்துவந்தது. உள்ளே கூலித் தொழிலாளர்கள் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டு உரிமையாளர்கள் மீதும் தொழிலாளர்களைக் குடிவைத்தவர் மீதும் போலீஸ் வழக்குப் போட்டது. வாடகை ஒழுங்காக வருவதை வைத்துச் சுவரின் உறுதியைக் கணிக்க முடியாது. 30 வயது தாண்டிய கட்டடம் என்றால் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் அறிக்கையைக் கேளுங்கள். மித்தி ஓரம் என்றால் 2005 ஜூலை 26 அன்று தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று பக்கத்துக் கடை அண்ணாச்சியைக் கேளுங்கள். சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. கடைக்காரர் சுவரைத் தொட்டே காட்டுவார்.

மேல் ரூம்காரரின் கதையை அரசு இப்போதுதான் கொஞ்சம் காதில் வாங்குகிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வீடு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். தாராவியிலேயே வீடு பெறத் தகுதி இல்லாதவர்களுக்காக, குர்லா நேரு நகரில் மதர் டெய்ரி இருந்த 8.5 ஹெக்டேர் நிலத்தைத் தர 2024-இல் முடிவானது. அங்கே பூங்கா வேண்டும் என்று நேரு நகர்க்காரர்கள் எதிர்த்தார்கள். இரண்டு தரப்பிலும் நம் சனங்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, பிளாட்டில் குடிவைப்பவர்களுக்கு ஒன்று. 'நம்ம ஊர்க்காரப் பையன், பத்திரம் எதுக்கு மயினி?' என்று ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-இன் 55-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. தவறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தகராறு வந்தால், மாற்றி நிரூபிக்கும் வரை குடித்தனக்காரர் சொல்லும் நிபந்தனைகளே செல்லும். பதிவு செய்திருந்தால், காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க 24-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாதம் 20,000 வாடகை, 1 லட்சம் டெபாசிட், 11 மாதம் என்றால் முத்திரைக் கட்டணம் 600 ரூபாய்க்குள் அடங்கும். பதிவுக்கு 1,000 ரூபாய். போலீஸ் ஸ்டேஷனுக்கும் தகவல் கொடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.