கோடாலிச் சத்தத்துக்கும் இடம் வேண்டும்

இடம் போதவில்லை என்றுதான் தோண்டினார்கள். டென்மார்க்கின் ரோஸ்கில்ட நகரில் ஃபியோர்டு எனும் நீண்ட கடற்கழியின் ஓரத்தில் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் நிற்கிறது. அதற்கென ஒரு சிறு துறைமுகமும், பட்டறைகளுக்கு ஒரு தீவும் வேண்டும் என்பது 1990-களின் விரிவாக்கத் திட்டம். 1996, 97-ல் அதற்காக மண்ணை வெட்டியபோது, சேற்றுக்குள்ளிருந்து ஒன்பது பழங்கப்பல்கள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று சுமார் 36 மீட்டர் நீளம். இதுவரை கிடைத்த வைக்கிங் கப்பல்களில் அதைவிட நீளமானது இல்லை.

அதே அருங்காட்சியகம் இப்போது இன்னொரு முறை இடம் மாறவும் வளரவும் வேண்டியிருக்கிறது. இந்த முறை காரணம் கடல்.

2013 டிசம்பரில் போடில் என்ற புயல் வந்தது. கழியின் நீர்மட்டம் வழக்கத்தைவிட இரண்டு மீட்டருக்கு மேல் ஏறியது. 1969-ல் திறந்த காட்சிக்கூடம் கரையை ஒட்டியே இருக்கிறது. கழியைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நிற்கும் கப்பலைப் பார்க்கிறவர் கண்ணுக்கு, அது வந்த நீரும் சேர்ந்தே தெரிய வேண்டும் என்பது அதை வடிவமைத்த கட்டடக் கலைஞரின் எண்ணம். அழகான எண்ணம்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கண்ணாடிக்கு வெளியே அலை வந்து நின்றது. ஊழியர்கள் போராடித் தண்ணீரைத் தடுத்தார்கள். கப்பல்கள் தப்பின. அதற்கும் முன்பிருந்தே உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் தின்றுகொண்டிருந்தது. 2018-ல், பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற தகுதி அந்தக் கூடத்திடமிருந்து விலக்கப்பட்டது. கப்பல்களுக்குப் புதுவீடு கட்டியாக வேண்டும் என்பது அதோடு உறுதியாயிற்று. நவீனக் கட்டடக் கலையின் அரிய சின்னம் அது, இடிக்கக் கூடாது என்று வருந்துகிறவர்களும் உண்டு.

கட்டடத்தைப் பற்றி இவ்வளவு போதும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு வெளியே, பட்டறையில் இருக்கிறது. முதலில் உள்ளே ஒரு பார்வை.

உள்ளே நிற்பவை ஐந்து கப்பல்கள். எண்கள் 1, 2, 3, 5, 6. நான்கு இல்லை. தோண்டும் முன் ஆறு என்று எண்ணினார்கள். இரண்டாவதும் நான்காவதும் ஒரே கப்பலின் துண்டுகள் என்று பிறகுதான் தெரிந்தது. பதினோராம் நூற்றாண்டில், கடல் வழியே எதிரி ரோஸ்கில்டவுக்குள் வராதபடி, கல்லை நிரப்பி இவற்றைக் கழியின் நீர்வழியில் அமிழ்த்தினார்கள். 1962-ல் அந்த இடத்தைச் சுற்றி அணை போட்டு, நீரை இறைத்து, நான்கே மாதங்களில் எடுத்தார்கள். சரக்குக் கப்பல், மீன்பிடிப் படகு, போர்க்கப்பல் என்று பல வகையாக இருந்தன. முப்பது மீட்டர் நீளப் போர்க்கப்பலின் மரத்தில் ஆண்டு வளையங்களை ஒப்பிட்டுப் பார்த்தால், அது 1042 வாக்கில் அயர்லாந்தின் டப்ளினில் கட்டப்பட்டது என்று தெரிகிறது.

ஒரு போர்க்கப்பலில் கால்வாசிதான் மிச்சம் என்றால், மீதி முக்கால்வாசியை எப்படித் தெரிந்துகொள்வது? காகிதத்தில் வரைந்து ஓரளவுக்குத் தெரிந்துகொள்ளலாம். ரோஸ்கில்டக்காரர்கள் கட்டிப் பார்த்தார்கள். நம் கடற்கரையில் ஓடாவி என்று சொல்வோமே, அப்படிப்பட்ட படகுத் தச்சர்கள் அருங்காட்சியகத்தின் சம்பளத்தில் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் ரம்பம் இருக்காது. அந்தக் காலத்துக் கப்பலில் ரம்பத்தின் தடம் இல்லை. ஓக் மரத்தை ஆப்பு வைத்து, நடுவிலிருந்து ஆரை ஆரையாகப் பிளக்கிறார்கள். அப்படிப் பிளந்தால் நார் அறுபடுவதில்லை; பலகை மெலிந்தாலும் முறியாது, அலைக்கு வளைந்து கொடுக்கும். பிறகு கோடாலியால் செதுக்குகிறார்கள். ஓட்டு வீட்டில் ஓட்டின் மேல் ஓடு ஏறி உட்காருமே, அது போலப் பலகை விளிம்பின் மேல் பலகை விளிம்பை ஏற்றி இரும்பு ஆணியால் இறுக்குகிறார்கள். இடையில் தார் தோய்த்த கம்பளி நூல். முதலில் ஏரா எனும் அடிமரம், அடுத்து பலகைகள். உள்ளே வங்கு எனும் விலா மரம் பிறகுதான் வருகிறது. வங்குக்கு வேண்டிய வளைவை அறுத்து எடுப்பதில்லை. அப்படியே வளைந்து வளர்ந்த மரத்தைக் காட்டில் தேடிப் பிடிக்கிறார்கள்.

இப்படித்தான் டப்ளின் கப்பல் மறுபடி உருவானது. 2000-த்தில் தொடங்கி 2004-ல் நீரில் இறக்கினார்கள். ஏறக்குறைய முந்நூறு ஓக் மரங்கள், ஏழாயிரம் ஆணிகள். 2007-ல் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் ஏறி, வட கடலைக் கடந்து, அது பிறந்த டப்ளினுக்கே ஓட்டிப் போனார்கள். பாய் எப்படி இழுக்கும், கப்பலின் உடல் அலையில் எப்படி நெளியும், நனைந்த மனிதன் எத்தனை மணி நேரம் தாங்குவான் என்பதெல்லாம் கடலில் போய்த்தான் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டி எதுவும் இதைச் சொல்லித் தந்திருக்காது.

என் கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அருங்காட்சியகத்தை விரிவாக்குவோம் என்று எந்த ஊரில் பேச்செடுத்தாலும் முதலில் வருவது கூரை, அடுத்து கண்ணாடி, அடுத்து வருகையாளர் எண்ணிக்கை. பட்டறை கடைசியில் வரும், பல ஊர்களில் வராமலே போகும். ரோஸ்கில்டவில் பட்டறையை ஒதுக்கிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 1997-ன் விரிவாக்கத்தின் நடுவிலேயே பட்டறைதான் இருந்தது. அதனால்தான் அந்த ஊரை எடுத்துக்கொண்டேன். ஆனால் கட்டடச் செலவு ஏறும்போது எது முதலில் வெட்டுப்படும்? கட்டி முடித்த சுவரை யாரும் பாதியில் குறைக்க மாட்டார்கள். மரம் வாங்கும் பணத்தையும் பழகுநரின் சம்பளத்தையும் ஓர் ஆண்டு நிறுத்திவைக்கலாம், வெளியே தெரியாது. அடுத்த ஆண்டும் நிறுத்தலாம். அந்தப் பையன் வேறு வேலைக்குப் போயிருப்பான்.

பழைய மரத்துக்கு நாம் காட்டும் அக்கறையைப் பாருங்கள். நார்வேயின் ஒஸ்லோவிலும் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தை விரிவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். 1904-ல் தோண்டியெடுத்த ஓசபர்க் கப்பலை 2025 செப்டம்பரில் பழைய கூடத்திலிருந்து புதியதற்கு நகர்த்தினார்கள். தூரம் 106 மீட்டர். எடுத்த நேரம் சுமார் பத்து மணி. இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, அதிர்வை அளந்து அளந்து, அங்குலம் அங்குலமாக. அது அவசியம்தான், ஒரு குலுக்கலில் ஆயிரத்து இருநூறு ஆண்டு போய்விடும். கோடாலி பிடிக்கிற கை விட்டுப்போவதும் அதே அளவு இழப்புதான். அந்தக் கைக்கு அதிர்வு அளக்கும் கருவி இல்லை.

கண்காட்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மூலக் கப்பலைப் பார்க்கத்தான் வருகிறார்கள், நகல் இரண்டாம்பட்சம் என்று ஒரு வாதம் உண்டு. இருக்கட்டும். அந்த மூலக் கப்பலை இவ்வளவு புரிந்துகொண்டதே நகலைக் கட்டியதால்தான்.

2021-ல் யுனெஸ்கோ, பலகை மேல் பலகை ஏற்றிப் படகு கட்டும் வட ஐரோப்பிய மரபை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து சேர்ந்து கேட்டுப் பெற்ற அங்கீகாரம் அது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. மரம் அடுக்க முற்றம் வேண்டும், ஈரம் காயாமல் போட்டுவைக்க இடம் வேண்டும், நீரில் இறக்கச் சரிவு வேண்டும். கரை ஓரத்தில் இதற்கெல்லாம் நிலம் ஒதுக்க வேண்டியவர்கள் விரிவாக்க வரைபடம் போடுகிறவர்கள்தான். 1807-ல் ஆங்கிலேயரிடம் கடற்படையைப் பறிகொடுத்த டென்மார்க், வருங்காலக் கப்பல்களுக்கென்று ஓக் கன்றுகளை நட்டது. இரும்புக் கப்பல்கள் வந்தன. மரங்கள் இருநூறு வயதைத் தாண்டி இன்றும் நிற்கின்றன. கன்று நட்டவர்களுக்கு இருந்த நீண்ட கணக்கு, பட்டறை விஷயத்திலும் வேண்டும்.

அந்தக் கணக்கை ரோஸ்கில்டவின் மூன்றாம் எண் கப்பலிலேயே பார்க்கலாம். பதினான்கு மீட்டர் நீளம், ஓக் மரம், கரையோர வணிகத்துக்கு ஓடியது. அதன் நகல் 1984-ல் நீரில் இறங்கியது. முப்பது ஆண்டு கடலில் ஓடி மரம் தளர்ந்துபோக, 2016-ல் கரையேற்றிவிட்டார்கள். உடனே அடுத்ததற்கு மரம் தேடினார்கள்; புதிய நகல் 2022-ல் மிதந்தது. முதல் கப்பல் கட்டியபோது நடந்த தவறுகளை இரண்டாவதில் திருத்த முடிந்தது, ஏனென்றால் பட்டறை நடுவில் மூடப்படவில்லை. இந்தக் கப்பலும் அதே போல முப்பது ஆண்டு ஓடினால், 2050-களில் மூன்றாவதற்கு ஏரா போட வேண்டியிருக்கும். அதைச் செதுக்கப் போகிற ஓடாவிக்கு இன்றைக்குப் பள்ளிக்கூட வயது.