டெண்டர் கைநழுவிப் போனதா? அப்பீலுக்கு 10 நாள்தான் டைம்!

குன்னூரில் ஒரு வாரம் விடாமல் மழை அடித்தால், எங்காவது ஒரு தடுப்புச்சுவர் சரியும். சுவர் சரிந்தால் டெண்டர் வரும். சாலையோரச் சுவர், பள்ளிக்கூடக் கழிப்பறை, குடிநீர்க் குழாய், மழைநீர்க் கால்வாய் என்று மலையில் அரசு வேலைகளுக்குப் பஞ்சமே இல்லை. இவற்றை எடுத்துச் செய்வதில் பலர் சின்ன கான்ட்ராக்டர்கள்தான். இ.எம்.டி. கட்டுவதற்கு வீட்டு நகையை அடகு வைப்பவர்களும் இவர்களில் உண்டு.

அப்படிப்பட்ட ஒருவருக்கு, 'உங்கள் ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இவர் கேட்ட தொகைதான் குறைவு. ஆனால், வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. முதல் இரண்டு நாள் கோபத்தில் போகும். அடுத்த நான்கு நாள் 'யாரைப் பார்க்கலாம்?' என்று விசாரிப்பதில் போகும். வக்கீலைப் பார்த்து உட்காரும்போது, "நாள் தாண்டிப்போச்சே சார்" என்ற பதில் வந்தால் என்ன செய்வது?

டெண்டர் விஷயத்தில் நியாயம் யார் பக்கம் என்பது இரண்டாவது கேள்விதான். எந்தத் தேதிக்குள் கேட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசின் டெண்டர்களுக்கு அடிப்படை, 1998-ம் ஆண்டு கொண்டுவரப்பட்ட தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம். அதற்கான விதிகள் 2000-ல் வந்தன. இந்தச் சட்டத்தின் 11-வது பிரிவுதான் மேல்முறையீடு பற்றியது. டெண்டரை ஏற்கும் அதிகாரி போட்ட உத்தரவில் குறை இருப்பதாக நினைக்கும் டெண்டர்தாரர், உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அரசு அதை 15 நாளுக்குள் முடித்துவைக்க வேண்டும்.

இந்த 10 நாள் என்பதில் பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்தான். சட்டம் சொல்வது வெறும் '10 நாள்', '10 வேலை நாள்' அல்ல. சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் அதற்குள் அடக்கம். மே 8-ம் தேதி கடிதம் கிடைத்தால், மே 18-ஐத் தாண்டக் கூடாது. சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி கூட்டம், மலைப்பாதையில் டிராஃபிக், ஆபீஸில் ஆள் இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. மேல்முறையீடு போக வேண்டிய இடமும் குன்னூர் அலுவலகம் அல்ல, சென்னையில் உள்ள அரசு. நகராட்சி டெண்டர் என்றால் நகராட்சி நிர்வாகத் துறை, நெடுஞ்சாலை என்றால் அந்தத் துறை. ராத்திரி மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால், மறுநாள் காலைதான் சென்னை. அந்த ஒரு நாளையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஒரே ஊர், இரண்டு சட்டம்

குன்னூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நகராட்சி, இங்கேயே தலைமையகம் வைத்திருக்கும் டேன்டீ, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்ட்கோசர்வ் போன்றவை மாநிலச் சட்டத்தின் பக்கம். ஆனால், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வெலிங்டன் கன்டோன்மென்ட், ராணுவப் பொறியியல் பிரிவு, அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை, மலை ரயில் ஆகியவை மத்திய அரசின் பக்கம். அங்கே தமிழ்நாட்டின் 10 நாள் விதி செல்லாது. 2017-ம் ஆண்டின் பொது நிதி விதிகளும், அந்தந்தத் துறையின் டெண்டர் நிபந்தனைகளும்தான் பேசும். ஜெம் போர்ட்டலில் கலந்துகொண்டால் ஆட்சேபத்துக்கான அவகாசம் இன்னும் குறைவு. டெக்னிக்கல் ரிசல்ட் வந்தவுடன் போர்ட்டலைத் திறந்து பார்த்துவிட வேண்டும். எனவே, டெண்டர் ஆவணம் கைக்கு வந்ததுமே, ஆட்சேபம் எத்தனை நாளுக்குள், யாரிடம் என்ற பக்கத்தைத் தேடிப் படிப்பது நல்லது.

நிபந்தனையே தப்பு என்றால்?

'இந்த நிபந்தனை ஒரே ஒருவருக்காக எழுதின மாதிரி இருக்கே' என்று தோன்றினால், முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். டெண்டர் போடும் கடைசித் தேதிக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். நிபந்தனையை ஏற்றுக் கலந்துகொண்டு, தோற்ற பிறகு அதே நிபந்தனையைக் குறை சொன்னால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

நேரத்தோடு கேட்டால் பலன் உண்டு என்பதற்கு பாரத்நெட் ஓர் உதாரணம். தமிழகக் கிராமங்களுக்கு இன்டர்நெட் கேபிள் போடும், ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிய அந்த டெண்டரில், நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துவதாக அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. வேலை யாருக்கும் போவதற்கு முன்பே, 2020 ஜூன் மாதம் மத்திய அரசு தலையிட்டு அந்த டெண்டரை ரத்து செய்யச் சொன்னது.

அவகாசத்திலும் ஒரு விதி இருக்கிறது. இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் தர வேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி எழுத்தில் காரணம் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஜெயித்தும் தோற்ற வழக்கு

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு 1979-ம் ஆண்டின் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கே சாட்சி. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த 1977-ல் டெண்டர் விட்டார்கள். குறைந்தது ஐந்து வருட அனுபவம் உள்ள, பதிவு பெற்ற இரண்டாம் தர ஹோட்டல்காரராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்கே டெண்டர் போனது. 'அரசு தான் போட்ட நிபந்தனையைத் தானே மீற முடியாது' என்று உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. இன்றுவரை டெண்டர் வழக்குகளில் இந்தத் தீர்ப்பைச் சொல்கிறார்கள். ஆனால், வழக்குப் போட்டவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. அவருக்கு இதில் உண்மையான அக்கறை இல்லை என்பது ஒரு காரணம். ஐந்து மாதத்துக்கும் மேல் தாமதித்து வந்தார் என்பது இன்னொன்று. அதற்குள் டெண்டர் எடுத்தவர் சுமார் 1,25,000 ரூபாய் செலவழித்திருந்தார்.

2022-ல் என்.ஜி. ப்ராஜெக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. சாலை, பாலம் போன்ற வேலைகளுக்குத் தடை கொடுப்பதை நீதிமன்றங்கள் தவிர்க்க வேண்டும் என்றது. அதாவது, வேலை தொடங்கி ஜல்லி கொட்டிவிட்டால், அதை நிறுத்துவது ரொம்பவே கஷ்டம்.

அமெரிக்காவிலும் பொதுவாக 10 நாள்தான். ஆனால், அங்கே குறிப்பிட்ட நாளுக்குள் புகார் போனால் வேலை தானாக நிற்கும். ஐரோப்பிய நாடுகளில் முடிவை அறிவித்த பிறகு குறைந்தது 10 நாள் கழித்துத்தான் பெரிய ஒப்பந்தங்களில் கையெழுத்தே போட முடியும். நம் சட்டத்தின் 11-வது பிரிவில் அப்படித் தானாக நிற்கும் ஏற்பாடு இல்லை. அதனால், 'இறுதி முடிவு வரும்வரை பணி ஆணையை நிறுத்தி வையுங்கள்' என்ற கோரிக்கையையும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

10 நாளில் என்ன செய்யலாம்?

* கடிதம் வந்த தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். தபால் உறை, இ-மெயில், போர்ட்டல் ஸ்கிரீன்ஷாட் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

* நிராகரித்த காரணத்தை அன்றே எழுத்தில் கேளுங்கள். யாருக்கு டெண்டர் போனது, மற்றவர்களை ஏன் ஒதுக்கினார்கள் என்ற விவரத்தை டெண்டர் புல்லட்டினுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

* ஆர்.டி.ஐ. போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அதற்குப் பதில் தர 30 நாள் அவகாசம் இருக்கிறது. உங்களுக்கு இருப்பதோ 10 நாள். ஆர்.டி.ஐ. ஒரு பக்கம் போகட்டும், கையில் இருக்கும் காகிதங்களோடு மேல்முறையீடு மறுபக்கம் போகட்டும்.

* மனுவில் கோபம் வேண்டாம். எந்த நிபந்தனை, எந்தப் பக்கம், எப்படி மீறப்பட்டது என்று மட்டும் எழுதுங்கள். நீதிமன்றம் போனாலும், முடிவு சரியா என்பதைவிட முடிவெடுத்த விதம் சரியா என்றுதான் பார்ப்பார்கள். 1994-ன் டாடா செல்லுலார் தீர்ப்பு வகுத்த வழி அது.

* மனுவைக் கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் இ-மெயிலிலும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.

இத்தனையும் செய்தால் டெண்டர் கிடைத்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால், அடகு வைத்த நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், 'நாங்க சொன்னதை அவங்க கேட்கவாவது செஞ்சாங்க' என்பதும் சின்ன விஷயம் இல்லை. அந்த வாய்ப்பு உங்கள் கையில் இருப்பது 10 நாள் மட்டும்தான். கடிதம் வந்த அன்றே காலண்டரில் கடைசித் தேதியை வட்டம் போட்டு வையுங்கள்!