சிப்பாயின் கையிலுள்ள நிராகரிப்புக் கடிதம்

யுத்த களத்திலே உயிர் துறந்த வீரனுக்குத் தேசம் மாலையிட்டு வணங்குகிறது. அது முற்றிலும் தகும். ஆனால் உயிரோடு திரும்பி வந்து, கால் விளங்காமலோ, சித்தம் கலங்கியோ, வலிப்பு நோயால் வாடியோ தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சிப்பாயை நினைப்பார் எத்தனை பேர்? வேலூர் ஜில்லாவைச் சேர்ந்த கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு ஒருவர் படைக்குச் சென்ற ஊர்கள் நம் நாட்டில் உண்டு. அத்தகைய ஊர்களில் விசாரித்தால், பெட்டிக்கடியில் மடித்து வைக்கப்பட்ட ஒரு கடிதத்தைச் சில குடும்பத்தார் எடுத்துக் காட்டுவார்கள். ஊனத்திற்குரிய பென்ஷன் கோரி அந்தச் சிப்பாய் செய்துகொண்ட விண்ணப்பத்திற்கு வந்த பதில் அது. “உமது நோய் ராணுவ சேவையினால் உண்டானதுமன்று; அதனால் அதிகரித்ததுமன்று” என்பதே அதன் சாரம். இந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு, தன் கதை முடிந்தது என்று எண்ணி வாய் மூடிக் கிடப்பவர் பலர். அவர்களுக்கும், அவர்கள் ஊரிலுள்ள படித்தவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அந்தக் கடிதம் தீர்ப்பு அன்று. அது வழக்கின் ஆரம்பம்.

விதி என்ன சொல்லுகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1961-ம் வருஷத்து ராணுவப் பென்ஷன் விதிகளின் 173-வது விதிப்படி, சேவையினால் உண்டான அல்லது சேவையினால் அதிகரித்த ஊனத்தின் காரணமாகப் படையிலிருந்து விலக்கப்பட்டவனுக்கு, அவ்வூனம் நூற்றுக்கு 20 வீதத்திற்குக் குறையாதிருப்பின், பென்ஷன் உண்டு. ஆகவே இரண்டு கேள்விகளே எழுகின்றன. ஊனம் எவ்வளவு? அது சேவையோடு சம்பந்தப்பட்டதா? முதற் கேள்விக்கு மெடிகல் போர்டு ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறது. தகராறெல்லாம் இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது. நோய் சேவையினால்தான் வந்தது என்று சிப்பாய் ருஜுப்படுத்த வேண்டுமா, அன்றி சேவையினால் வரவில்லை என்று சர்க்கார் ருஜுப்படுத்த வேண்டுமா? ஏழைச் சிப்பாயின் வாழ்வும் தாழ்வும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தவை.

இதற்கு விடை கண்ட வழக்கு ஒன்று உண்டு. 1985-ம் வருஷம் ஒருவர் சிக்னல் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். சேரும்போது அவர் தேகத்தில் எந்தக் குறையும் குறிக்கப்படவில்லை. சுமார் 9 வருஷம் சேவை செய்த பிறகு, வலிப்பு நோயினால் நூற்றுக்கு 20 வீதம் நிரந்தர ஊனம் ஏற்பட்டதென்று 1994 ஏப்ரலில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் அவருடைய உடற்கூற்றிலேயே உள்ளது, சேவையோடு சம்பந்தமில்லாதது என்று மெடிகல் போர்டு எழுதிற்று. காரணம் எதையும் அது கூறவில்லை. பென்ஷன் மறுக்கப்பட்டது. ஹைகோர்ட்டில் தனி நீதிபதி சிப்பாயின் பக்கம் தீர்ப்பளித்தார். பெஞ்சு அத்தீர்ப்பை மாற்றிற்று. கடைசியாக 2013 ஜூலை 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சிப்பாயின் கட்சியே நியாயம் என்று முடிவு செய்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து அதற்குள் 19 வருஷங்கள் கழிந்துவிட்டன.

அத்தீர்ப்பின் கருத்தைச் சுருக்கிச் சொல்லலாம். படையில் சேரும்போது வைத்தியர் பரிசோதித்து, நோய் எதையும் குறித்துக்கொள்ளாமல் ஒருவனை ஏற்றுக்கொண்டால், அவன் அன்று பூரண தேக சுகத்துடன் இருந்தான் என்றே கொள்ள வேண்டும். பிற்பாடு அவன் தேகநிலை கெட்டால், அது சேவையினால் கெட்டது என்றே கொள்ள வேண்டும். நோய் முன்பே இருந்தது, ஆயினும் பரிசோதனையில் கண்டுபிடிக்க இயலாதது என்று மெடிகல் போர்டு கருதினால், அதற்குக் காரணம் எழுத வேண்டும். ருஜுப் பொறுப்பு சிப்பாயின் தலையில் இல்லை. சந்தேகத்தின் பலன் அவனுக்கே உரியது. இவை சுப்ரீம் கோர்ட்டு புதிதாகப் படைத்தவை அல்ல. 1982-ம் வருஷத்து உரிமை விதிகளில் முன்னமே எழுதப்பட்டிருந்தவை. எழுதியவர்களே மறந்திருந்ததைக் கோர்ட்டு நினைவூட்டியது. மனநோயினால் விலக்கப்பட்ட மற்றொரு சிப்பாயின் வழக்கில், காரணம் கூறாத மெடிகல் போர்டு அபிப்பிராயத்தைக் கொண்டு பென்ஷனை மறுக்கலாகாது என்று 2025-லும் சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்தியிருக்கிறது.

இதில் அடங்கிய பணம் அற்பமென்று எண்ண வேண்டாம். முழு ஊனத்திற்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் நூற்றுக்கு 30 வீதம் ஊனப் பங்காகக் கணக்கிடப்படுகிறது. குறைந்த ஊனத்திற்கு அந்த விகிதப்படி குறையும். 40,000 ரூபாய் சம்பளம் வாங்கியவனுக்கு முழு ஊனமாயின் மாதம் 12,000 ரூபாய். 20 வீதமாயின் 2,400 ரூபாய். ஆனால் 20 முதல் 50-க்குள் உள்ள ஊனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதன்படி 2,400 ரூபாய் 6,000 ரூபாயாகிறது. இச்சலுகை நோயினால் இடையில் விலக்கப்பட்டவர்களுக்கு மாத்திரமன்றி, ஊனத்தோடு சேவைக் காலத்தைப் பூர்த்தி செய்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உரியதென்று 2014 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. ஓர் எச்சரிக்கை. 2023 செப்டம்பர் 21-ந் தேதி முதல் புதிய விதிகள் அமலுக்கு வந்துள்ளன. ஆகவே ஒருவர் எந்தத் தேதியில் படையை விட்டார் என்பதை முதலில் பார்த்து, அந்தத் தேதிக்குரிய விதியைக் கொண்டே அவர் கட்சியை ஆராய வேண்டும்.

இனி, கடிதம் பெற்றவர் செய்ய வேண்டியது யாது? கடிதத்தையும், அது வந்த உறையையும் பத்திரப்படுத்தட்டும். கெடுவைக் கணக்கிட அவை தேவை. பின்னர், படையில் சேர்ந்தபோது நடந்த வைத்திய பரிசோதனைக் குறிப்பு, விலக்கியபோது நடந்த மெடிகல் போர்டு நடவடிக்கை, இடைக்காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்ற சீட்டுகள், எந்தெந்த இடங்களில் எத்தனை காலம் சேவை செய்தார் என்ற விவரம் ஆகியவற்றின் நகல்களைத் தம் படைப்பிரிவின் ரிகார்டு ஆபீஸிலிருந்து கேட்டுப் பெறட்டும். மதறாஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவருக்கு அந்த ஆபீஸ் நீலகிரியில் வெலிங்டனிலேயே இருக்கிறது. கேட்டும் கொடாவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். சேரும்போது எழுதிய குறிப்பில் நோய் இல்லை, விலக்கும்போது எழுதிய குறிப்பில் காரணம் இல்லை என்றால், வழக்கில் பாதி வென்றாயிற்று.

அதன்பின் அப்பீல். நிராகரிப்புக் கடிதம் கிடைத்த 6 மாதத்திற்குள் முதல் அப்பீல் கமிட்டிக்கு எழுத வேண்டும். அங்கும் மறுத்தால் இரண்டாவது அப்பீல் கமிட்டி உண்டு. அங்கும் நியாயம் கிடைக்காவிடில், 2007-ம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன் பெஞ்சுகளுள் ஒன்று சென்னையிலேயே அமர்கிறது. கமிட்டிகள் பதிலே எழுதாமல் காலம் கடத்தினால் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பீல் செய்து 6 மாதம் கழிந்தும் முடிவு வராவிட்டால், அவ்வழி முடிந்துவிட்டதாகவே சட்டம் கொள்கிறது. அதிலிருந்து 6 மாதத்திற்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தையும் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். மனுதாரர் தாமே நின்று வாதிடவும் சட்டம் இடங்கொடுக்கிறது.

“நான் படையை விட்டு இருபது வருஷமாயிற்றே, இனி என்ன செய்வது?” என்று கேட்பவர் உண்டு. பென்ஷன் மாதந்தோறும் கிடைக்க வேண்டியது. ஆகவே அதை மறுப்பதும் மாதந்தோறும் நேரும் அநீதியே. 1983-ல் விலக்கப்பட்டு 1999-ல் கோர்ட்டுக்குச் சென்ற ஒரு சிப்பாயின் வழக்கில், 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்நியாயத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் பழைய பாக்கியைச் சுமார் 3 வருஷத்திற்கு மட்டுமே வரையறுத்தது. இதிலிருந்து அறிய வேண்டியவை இரண்டு. தாமதத்தினால் உரிமை சாவதில்லை. ஆயினும் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் சிப்பாயின் குடும்பத்துச் சோற்றில் ஒரு பிடி குறைகிறது.

உதவிக்கு எங்கே போவது? ஜில்லாத் தலைநகர்கள் பலவற்றில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மனு எழுதவும், ரிகார்டு ஆபீஸோடு கடிதப் போக்குவரத்து நடத்தவும் அங்கு உதவி கேட்கலாம். ஜில்லாக் கோர்ட்டு வளாகங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. 1987-ம் வருஷத்துச் சட்டத்தின் 12-வது ஷரத்துப்படி ஊனமுற்றோருக்கும், ஸ்திரீகளுக்கும், ஷெட்யூல்டு வகுப்பினருக்கும், பழங்குடியினருக்கும் வருமானக் கணக்குப் பாராமலே வக்கீல் உதவி இலவசமாகக் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தேசிய ஆணைக்குழுவின் டெலிபோன் எண் 15100. சிப்பாய்களின் குடும்பங்களுக்கென்றே அவ்வாணைக்குழு 2025 ஜூலையில் தனித் திட்டமொன்றைத் துவக்கி, படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி நிலையங்களை அமைக்க ஏற்பாடு செய்திருக்கிறது. இவ்வளவும் இருந்தும், அவற்றின் வாசலை அறியாதவனுக்கு அவை இல்லாதவையே.

எதிர்க்கட்சியையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மறுக்கப்படும் மனு ஒவ்வொன்றும் நியாயமானதன்று. விடுமுறையில் வீட்டிலிருந்தபோது, சேவையோடு எவ்வித சம்பந்தமுமின்றி நேர்ந்த விபத்துக்குப் பென்ஷன் கேட்டவர்களைக் கோர்ட்டுகளே திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஓய்வு பெறும் தறுவாயில் சிலர் சில்லறை நோய்களைக் காட்டிச் சலுகை பெறுகிறார்கள் என்ற புகாரும் உண்டு. இருக்கட்டும். பொய் மனுவைக் கண்டுபிடிக்க வழி, ஒவ்வொரு மனுவையும் காரணத்தோடு ஆராய்வதேயன்றி, எல்லோருக்கும் ஒரே அச்சு வாக்கியத்தை அனுப்புவதன்று. காரணம் எழுதப்பட்டால் பொய்யன் ஒதுங்குவான். உண்மையானவனுக்கும் எதற்கு விடை கூற வேண்டும் என்பது விளங்கும்.

சர்க்காருக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். 2014-ல் தீர்ந்த அந்த வழக்கு, ஊனமுற்ற படைவீரர்களுக்குக் கிடைத்த தீர்ப்புகளை எதிர்த்துச் சர்க்கார் தரப்பில் கொண்டுவரப்பட்ட நூற்றுக்கணக்கான அப்பீல்களுள் ஒன்று. இத்தகைய வழக்குகளைக் குறைக்க வேண்டுமென்று, பாதுகாப்பு மந்திரி நியமித்த நிபுணர் கமிட்டியே 2015-ல் அறிக்கை கொடுத்தது. தீர்ந்துபோன நியாயத்தை மீண்டும் மீண்டும் கோர்ட்டுக்கு இழுப்பதில் தோற்றால் சர்க்காருக்கு நஷ்டம் பொதுப் பணம். சிப்பாய் தோற்றால் அவனுக்கு நஷ்டம் வாழ்க்கை. சம பலமில்லாத இருவர் செய்யும் போரில் வலியவன் விட்டுக்கொடுப்பதே தர்மம்.

ஆனால் சர்க்கார் திருந்தும்வரை நாம் காத்திருக்கலாகாது. பொதுஜன சேவையில் ஈடுபட்டவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஊனத்தோடு திரும்பிய படைவீரர் எவரென்று விசாரிக்கட்டும். அவர் பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தை வாங்கிப் படிக்கட்டும். தேதியைக் கணக்கிட்டு, நகல்களுக்கு மனு எழுதி, ஜில்லா அலுவலகத்துக்கு அவரோடு ஒரு நாள் பஸ் ஏறிச் செல்லட்டும். அவர் இறந்திருந்தால், அவருடைய விதவையைச் சட்ட உதவிக் குழுவிடம் அழைத்துச் செல்லட்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டாம். எழுதத் தெரிந்த கையும், ஒரு நாள் ஓய்வும் போதும்.

படையில் சேர்ந்த நாளில் அச்சிப்பாய் தன் தேகத்தைத் தேசத்திடம் ஒப்படைத்தான். தேசம் அதைப் பரிசோதித்து, குறையொன்றுமில்லை என்று கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டது. திருப்பிக் கொடுக்கும்போது உடைந்திருந்தால், கணக்குச் சொல்ல வேண்டியவர் வாங்கியவரேயன்றிக் கொடுத்தவரல்லர்.