அயல்மொழி கற்போரும் படைப்பெழுத்துப் போட்டிகளும்: மியூனிக் முயற்சியை முன்வைத்து

முன்னுரை

ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்கும் மாணவர்களுக்குக் கதை, கவிதைப் போட்டிகள் நடத்துவது இன்று பல நாடுகளில் மொழி கற்பித்தலின் ஒரு கூறாக உள்ளது. கற்பவரின் எழுத்தை இலக்கணத் திருத்தம் கொண்டு மதிப்பிடுவதா, படைப்புத் தன்மை கொண்டு மதிப்பிடுவதா என்னும் வினாவை இப்போட்டிகள் எழுப்புகின்றன. இவ்வினா ஜெர்மன் மொழிச் சூழலில் முன்னரே எழுந்தது. அங்கு நிகழ்ந்த முயற்சியின் தோற்றத்தையும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

போட்டிகளின் பின்புலம்

மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியுடனும் 1961இல் துருக்கியுடனும் தொழிலாளர்களை வரவழைக்க ஒப்பந்தம் செய்தது. 1973இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டபோதும் வந்தோருள் பலர் அங்கேயே தங்கினர். இச்சூழலில், ஜெர்மனை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கென ஒரு நிறுவனம் மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கப்பட்டது. மொழியியலாளர் ஹரால்ட் வைன்ரிஷ் அதனை வழிநடத்தினார். ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொள்ளாதோருக்கென அந்நிறுவனம் எழுத்துப் போட்டிகளை நடத்தியது. இர்ம்கார்ட் ஆக்கர்மன் தொகுத்த படைப்புகள் 'ஜெர்மனியில் அயலானாக' (1982), 'இரு மொழிகளில் வாழ்தல்' (1983) எனப் பொருள்படும் தலைப்புகளில் நூல்களாயின. இதனால் கற்பவர் எழுத்து, திருத்துவோரைக் கடந்து வாசகரை அடைந்தது.

பிழையும் ஆக்கமும்

திருத்துவோர் பிழையெனக் காண்பதை வாசகர் ஆக்கமெனக் காணக்கூடும். எமினே செவ்கி ஓஸ்தமார் இதற்குத் தக்க சான்று. துருக்கியரான அவர் 1965இல் ஜெர்மன் அறியாத நிலையில் பெர்லினுக்குத் தொழிற்சாலைப் பணிக்கு வந்தவர். துருக்கியில் 'தில்' என்னும் ஒரே சொல் நாவையும் மொழியையும் குறிக்கும். ஜெர்மனில் அவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஓஸ்தமார் 1990இல் வெளியிட்ட நூலுக்குத் 'தாய்மொழி' என்னும் வழக்குச் சொல்லை விடுத்துத் 'தாய்நாக்கு' எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். தேர்வுத்தாளில் இது பிழையாகக் கொள்ளப்படும். நூலிலோ, இழந்த மொழியை உடலுறுப்பாக உணர்த்தும் சொல்லாகிறது. மரபு மீறல் அறியாமையால் நேர்ந்ததா, பொருள் நோக்கித் தேர்ந்ததா என வேறுபடுத்தி அறிவதே நடுவரின் கடமை என்பது இதனால் பெறப்படுகிறது.

விருதும் அதன் நிறைவும்

போட்டிகளின் தொடர்ச்சியாக 1985 முதல் ராபர்ட் போஷ் அறக்கட்டளை சமிசோ விருதினை வழங்கியது. பிரான்சில் பிறந்து ஜெர்மனில் எழுதிய அடெல்பர்ட் ஃபோன் சமிசோவின் (1781–1838) பெயரால் அது அமைந்தது. ஜப்பானிய எழுத்தாளர் யோகோ தவாடா 1996இலும் ஓஸ்தமார் 1999இலும் அதனைப் பெற்றனர். எனினும், தனி விருது அயல்மொழி எழுத்தாளரை முன்னிறுத்துகிறதா, பொது இலக்கியத்திலிருந்து பிரித்து வைக்கிறதா என்னும் ஐயமும் உடன் வளர்ந்தது. ஓஸ்தமாரோ 1991லேயே பொதுப் போட்டியான இங்கெபோர்க் பாஹ்மன் பரிசை வென்றிருந்தார். சமிசோ விருது 2017உடன் நிறைவுற்றது. இவ்வெழுத்தாளர்கள் பொது இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டனர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணமாகும்.

முடிவுரை

கற்போருக்கெனத் தனிப்போட்டி தொடக்கநிலையில் இன்றியமையாதது என்பதை மியூனிக் முயற்சி காட்டுகிறது. ஆயினும் அது நிலையான வேலியாகிவிடக் கூடாது. ஆங்கிலம் கற்போருக்கான போட்டிகளும் பிழையின்மைக்கு மட்டும் பரிசளிப்பின், கற்பவர் தம் தாய்மொழியிலிருந்து கொணரும் சொல்வளத்தை மறைக்கவே பழகுவர். அவ்வளத்தைப் பொருள் நோக்கி ஆளப் பழக்கும் போட்டியே கற்பவரைப் படைப்பாளராக்கும்.