நண்பரின் ஊரில் விருந்தாளியாக

வெளிநாட்டுக்குச் சுற்றுலா செல்வோரில் சிலர் ஹோட்டலில் தங்கி, பயணக் கையேடு காட்டும் இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவர். வேறு சிலர் அங்கு வாழும் நண்பரின் வீட்டில் தங்கி, அவருடன் ஊரைச் சுற்றிப் பார்ப்பர். இரு சாராரும் பார்ப்பது ஒரே ஊர்தான். ஆனால், அவர்கள் அறிந்துகொள்பவை வேறு. மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் இங்கு ஒரு வணிகத் துறைமுகத்தை நிறுவினார். பல நாடுகளிலிருந்து மக்கள் வந்து குடியேறினர். 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பு ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமைத் தலங்களாக அறிவித்தது. கையேட்டில் இவ்வளவும் இருக்கும்.

உள்ளூர் நண்பருடன் நடந்தால் இன்னும் பல செய்திகள் தெரியவரும். வரைபடம் ‘லெபு பசார்’ என்று காட்டும் தெருவைப் பழைய தலைமுறைத் தமிழர்கள் ‘கடைத்தெரு’ என்பர். நண்பரின் பாட்டி “கடைத்தெருவுக்குப் போய் வாருங்கள்” என்று சொன்னால், எங்கே போவது என்பது நண்பருக்குத் தெரியும். கைபேசி வரைபடத்துக்குத் தெரியாமல் போகலாம். வெயில் சுடும் நண்பகலில் அவர் உங்களைச் சாலையோரமாக அழைத்துச் செல்லமாட்டார். கடைவீடுகளின் முன்னால் கூரையுடன் அமைந்திருக்கும் ஐந்தடி வழியாகவே அழைத்துச் செல்வார்.

ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்னும் சாலையில் பள்ளிவாசல், சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில், தேவாலயம் ஆகியவை உள்ளன. அங்குள்ள பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டு இந்திய முஸ்லிம்களால் கட்டப்பட்டது. அருகிலுள்ள குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டு உருவான மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. எந்த நேரத்தில் எங்கே வழிபாடு நடக்கும், எங்கே காலணியைக் கழற்ற வேண்டும், எப்போது படம் எடுக்கக்கூடாது என்பவற்றை நண்பர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

உணவிலும் இப்படித்தான். ‘நாசி கண்டார்’ பினாங்கின் புகழ்பெற்ற உணவு. முற்காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோற்றையும் கறிகளையும் காவடித்தடியின் இருபுறமும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றனர். அப்படிச் சுமப்பதிலிருந்தே இப்பெயர் வந்தது. பல குழம்புகளைக் கலந்து சோறு மூழ்கும்படி ஊற்றித் தரவேண்டுமானால் ‘பஞ்சிர்’ என்று கேட்க வேண்டும். மலாயில் அதற்கு வெள்ளம் என்று பொருள். இச்சொல்லை உள்ளூர் மக்களுடன் வரிசையில் நின்றால் எளிதில் கற்றுக்கொள்ளலாம்.

இவற்றைவிட முக்கியமான ஒன்றையும் நண்பரால் உணர்த்த முடியும். நாம் சுற்றிப் பார்க்கும் இடம் பிறருடைய வீடு. கடலோரத்தில் மரத்தூண்கள்மீது அமைந்த சீனக் குடியிருப்புகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. சுற்றுப்பயணிகள் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும், வீட்டிற்குள் படம் எடுப்பதும் அங்கு வாழ்வோருக்குத் தொல்லை தருகின்றன. நகரின் பழைய கடைவீடுகளில் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்ததால் பல குடும்பங்கள் வெளியேறின. பின்னர்ப் பல கடைவீடுகள் ஹோட்டல்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. சுற்றுலா வருமானம் தருகிறது. கூடவே, ஊர் மக்களை ஊரைவிட்டு விலக்கியும்விடுகிறது. ஆகவே, தலைமுறைகளாக நடந்துவரும் சிறிய கடைகளில் பொருள் வாங்குவதும், குடியிருப்புகளில் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் நம்மால் இயன்ற உதவிகள்.

நண்பரின் குடும்பத்துக்கும் நாம் சுமையாக இருக்கக்கூடாது. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது பழமொழி. எத்தனை நாள் தங்குவீர்கள் என்பதை முன்பே தெரிவியுங்கள். அவர்களின் வேலை நாள்களையும் பள்ளி விடுமுறையையும் கேட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். வெளியே செல்லும்போது செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு நாளாவது தனியாகச் சுற்றிவிட்டு வந்தால், அவர்களுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும்.

ஒரு நாள் அந்த நண்பர் உங்கள் வீட்டுக்கு வரக்கூடும். மெர்லயன் சிலையை அவர் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார். உங்கள் வட்டாரத்து ஈரச்சந்தையில் மீன் எப்போது வரும், உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் கூடும் முதியவர்கள் யார், உங்கள் தெருவுக்கு அப்பெயர் எப்படி வந்தது என்பவற்றை நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். அவற்றுள் எத்தனைக்கு உங்களால் இன்று விடை கூற முடியும்?